பதினொன்றாம் எண்ணுக்கு நான் எழுதிய அறிக்கை

இந்த வருடம் பெண்கள் ஃபுட்பால் லீக்கில் விசில் ஊதப்போகிற உங்கள் ஆறு பேருக்கும் இதை எழுதுகிறேன். தேர்வில் பாஸாகி, கறுப்புச் சட்டை வாங்கி, அதைப் போட்டு போட்டோவும் எடுத்து அனுப்பிவிட்டீர்கள். பார்த்தேன், அழகாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு வகுப்பில் உங்களில் ஒருத்தி, சிவப்பு அட்டையை எந்தப் பாக்கெட்டில் வைப்பது நல்லது என்று கேட்டாள். பின்பாக்கெட்டில் வை, எடுக்கக் கொஞ்சம் நேரமாகும், அதற்குள் புத்தி வரும் என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வேடிக்கை பேசிவிட்டு வந்தோமே என்று உறுத்தியது.

ஆஃப்சைடு, அட்வான்டேஜ், எங்கே நிற்க வேண்டும், எப்படி ஓட வேண்டும், இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. பகலில் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், சனி ஞாயிறுகளில் ரெஃப்ரி என்று ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பத்தொன்பது வருடம் ஓடினேன். தப்புகளுக்குக் குறைவில்லை. ஒரு தடவை முதல் பாதியை ஐந்து நிமிடம் முன்னாலேயே முடித்துவிட்டு, டீக்கடையில் நின்றிருந்த இரண்டு டீமையும் திருப்பிக் கூட்டிவந்திருக்கிறேன். அதைச் சொல்லி இன்றைக்கும் கிண்டல் செய்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது. அதை இதுவரை எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

பதினொரு வருடத்துக்கு முன்னால் நடந்தது. அப்போது இந்தப் பக்கத்து லீக்கில் நான் ஒருத்திதான் பெண் ரெஃப்ரி. திருவொற்றியூர் மைதானத்தின் காம்பவுண்டு சுவர் மேல் வரிசையாக ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். நான் விசிலை வாயில் வைப்பதற்கு முன்பே சுவரிலிருந்து தீர்ப்பு வந்துவிடும். "இன்னா டீச்சரு, கண்ணாடிய வூட்ல வெச்சிட்டு வந்துட்டியா?" என்பார்கள். ஆண் ரெஃப்ரி தப்புச் செய்தால் அது அவருடைய தப்பு. நான் செய்தால், பொம்பளைக்கு விசில் கொடுத்தால் இப்படித்தான் என்று ஆகிவிடும். அதனால் நான் யாரையும்விடக் கறாராக இருந்தேன். கறாராக இருந்தால் சரியாக இருப்பதாக அர்த்தம் என்று அப்போது நம்பினேன்.

அந்த வருடம் கமிட்டி ஒரு விதி கொண்டுவந்தது. முந்தின வருடம் ஒரு பெண் வெறுங்காலோடு ஆடி விரலை உடைத்துக்கொண்டாள். ஆகவே ஒவ்வொரு ஆட்டக்காரிக்கும் சொந்தமாக பூட்ஸும் முழங்காலுக்குக் கீழே கட்டும் தடுப்பும் இருக்க வேண்டும், அப்படி இருப்பதாக கோச் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், பொய் என்று தெரிந்தால் டீமையே லீக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். கூட்டத்தில் அந்த விதிக்கு நானும் கை தூக்கினேன். பிள்ளைகளின் கால் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தூக்கினேன், அதில் எனக்கு இப்போதும் வெட்கமில்லை.

அரையிறுதி ஆட்டம். ஒரு பக்கம் வியாசர்பாடி டீம், பல வருடமாக ஆடுகிறவர்கள். இன்னொரு பக்கம் எண்ணூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து வந்த டீம், முதல் டிவிஷனுக்கு அந்த வருடம்தான் ஏறியிருந்தார்கள். இறுதி ஆட்டத்தைப் பார்க்க ஒரு கல்லூரியிலிருந்து வருகிறார்கள், இரண்டு பெண்களுக்கு ஹாஸ்டலோடு இடம் தருவார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குப்பத்து டீமில் தனம் என்றொரு பெண் பதினொன்றாம் எண் போட்டு இடது விங்கில் ஆடினாள். பிளஸ் டூ முடித்தவள். அப்பா படகுக்குப் போகிறவர், அம்மா கூடை தூக்குகிறவள். மேலே படிக்கிற பேச்சே அந்த வீட்டில் கிடையாது. அவள் அடுத்த வருடம் எங்கே இருப்பாள் என்பது இறுதி ஆட்டத்தின் தொண்ணூறு நிமிடத்தில் இருந்தது. அவளைப் பார்த்தவர்கள் யாரும் அவளுக்கு இடம் கிடைக்காது என்று சொல்லவில்லை.

முதல் பாதியில் ஒருத்தியின் சட்டையைப் பிடித்து இழுத்ததற்காகத் தனத்துக்கு மஞ்சள் அட்டை காட்டினேன். அது நியாயமான அட்டை, அவளே தலையாட்டி ஒத்துக்கொண்டாள். பிறகு இரண்டு பேரைத் தாண்டிக்கொண்டு போய் ஒரு கோலும் போட்டாள். இடைவேளையில் குப்பத்து டீம் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தது.

ஆட்டம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது தனத்துக்குக் காலில் தசை பிடித்துக்கொண்டது. கோச் மாற்று ஆட்டக்காரி கேட்டார். நான் ஆட்டத்தை நிறுத்தினேன். விஜி என்ற பெண் நடுக்கோட்டருகில் வந்து நின்றாள். தனம் நொண்டிக்கொண்டு கோடு வரைக்கும் போனாள். போனவள் வெளியே காலெடுத்து வைக்காமல், கோட்டுக்கு உள்பக்கமாகவே தரையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

நான் ஓடிப்போய், "எழுந்து வெளிய போ" என்றேன்.

"ஒரு நிமிசம் மிஸ்."

"வெளிய போய் கழட்டு."

"முடிச்சி வுய்ந்துக்கிச்சி மிஸ். தோ, ஆயிடிச்சி."

சுவரிலிருந்து ஊளை கிளம்பியது. வியாசர்பாடி கேப்டன் என் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். "பாத்துகினே கீறீங்களே மிஸ், வோணும்னே டைம் ஓட்டிகினு கீறா. இதே நாங்க பண்ணா வுடுவீங்களா?" என்றாள். நான் மூன்றாவது முறையும் எழுந்திருக்கச் சொன்னேன். தனம் ஒரு பூட்ஸைக் கழற்றிவிட்டு இரண்டாவதின் முடிச்சை நகத்தால் இழுத்துக்கொண்டிருந்தாள். முன்னால் இருக்கிற டீம், மீதி பத்து நிமிடம், வெளியே போக வேண்டியவள் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். நேரம் கடத்துவதற்குப் புத்தகத்தில் படம் போட்டால் இப்படித்தான் போடுவார்கள். இரண்டாவது மஞ்சள் காட்டினேன், பின்னாலேயே சிவப்பு.

அப்போதுதான் அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கோச் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் சாக்ஸுமாக நொண்டியபடி வெளியே போனாள். சிவப்பு வாங்கியவளுக்குப் பதில் ஆள் இறங்க முடியாது, ஆகவே விஜியும் திரும்பிப் போனாள். சுவரில் இருந்தவர்கள் முதல் தடவையாக எனக்குக் கை தட்டினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பத்துப் பேரோடு தாக்குப்பிடித்து குப்பத்து டீம் ஜெயித்துவிட்டது. தனத்துக்கு மட்டும் அடுத்த ஆட்டத்துக்குத் தடை. அடுத்த ஆட்டம்தான் இறுதி ஆட்டம்.

மைதானத்து ஓரத்தில் சாமான் போட்டுவைக்கும் அறையில் ஸ்கோர் ஷீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்துக் கோட்டில் கொடி பிடித்த லைன்ஸ்மேன், ஹார்பரில் வேலை பார்க்கிறவர், தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"டீச்சர், அந்த விஜி பொண்ணு வெறும் சாக்ஸோட நின்னுகினு இருந்துச்சி. காலுல பூட்ஸே இல்ல. நீங்க பாத்துட்டீங்கன்னு நென்ச்சேன்."

எனக்கு உடனே புரிந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். படிக்கட்டில் தனமும் விஜியும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு ஜோடி பூட்ஸ். இடைவேளையில் டவலால் மறைத்துக்கொண்டு மாற்றிப் போட்டுக்கொள்வது அவர்கள் வழக்கம் என்று பிறகு கோச் சொன்னார். பாதி ஆட்டம் இவள், பாதி ஆட்டம் அவள். ஆரம்பத்தில் இறங்குகிற பதினொரு பேரின் பூட்ஸைத்தான் நாம் திருப்பிப் பார்ப்போம். மற்றவர்களை இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். அந்த இடைவெளியில்தான் அவர்கள் வருடம் முழுக்க ஓட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு கோல் போட்டவளை எடுக்க மனமில்லாமல் கோச் இடைவேளையில் மாற்றவில்லை. தனம் உள்ளேயே உட்கார்ந்து கழற்றியதற்கும் காரணம் இருந்தது. அவள் வெளியே போய்விட்டால் நான் ஆட்டத்தைத் தொடங்கிவிடுவேன், விஜி பூட்ஸ் மாட்டி முடிக்கும்வரை டீம் ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும்.

கோச்சைக் கூப்பிட்டு விட்டேன். வந்தவர் உட்காரவே இல்லை. "மேடம், கைய கூப்பி கேக்கறேன், பூட்ஸ் மேட்டர மட்டும் எய்திடாதீங்க. டீமே பூடும். பதினாறு பொண்ணுங்க கீதுங்கோ" என்றார்.

"தனத்துக்குத் தடை வருமே?"

"அத்துக்கு நான் இன்னா மேடம் சொல்றது? நீங்களா பாத்து எதுனா பண்ணுங்க."

பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பிள்ளைகளே, இதுவரைக்கும் நடந்ததற்காக நான் என்னை மன்னித்துவிட்டேன். கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து, ஊளைக்கு நடுவில், சில நொடிகளில் எடுத்த முடிவு அது. வெறும் சாக்ஸோடு நின்றவளைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. இப்படி நீங்களும் செய்வீர்கள். செய்துவிட்டு ஒரு வாரம் சோறு இறங்காமல் இருந்துவிட்டு மறுபடி ஓடுவீர்கள். நான் சொல்ல வந்த தப்பை மைதானத்தில் செய்யவில்லை, வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து செய்தேன்.

ரெஃப்ரியின் அறிக்கை மறுநாள் மதியத்துக்குள் கமிட்டிக்குப் போக வேண்டும். ரெஃப்ரியே எழுதிக் கேட்டால் கமிட்டி தடையை நீக்கும், அதற்கு முன்பும் நீக்கியிருக்கிறார்கள். காலையில் எழுந்ததும், எனக்கு விசில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மூத்த ரெஃப்ரிக்கு போன் செய்தேன். அவர் பெயர் வேண்டாம், இப்போது அவர் இல்லை. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"கார்டு காட்டினப்ப உனக்கு பூட்ஸ் விஷயம் தெரியுமா?" என்றார்.

"தெரியாது சார்."

"அப்ப நீ பார்த்தது டைம் வேஸ்ட். பார்த்ததை எழுது. பின்னால தெரிஞ்சதையெல்லாம் எழுத ஆரம்பிச்சா எந்த ரெஃப்ரியும் பொழைக்க முடியாது. பூட்ஸ் விஷயத்தை எழுதினா அந்த டீமுக்கே வேட்டு. எழுதாம இருந்தா நீ அவங்களுக்கு நல்லதுதான் பண்றே."

"ஆனா அந்தப் பொண்ணு..."

"ஒரு மேட்ச்தானேம்மா. இன்னொண்ணு கேளு. ஃபைனலுக்கு உன்னைப் போடலாம்னு பேசிக்கறாங்க. இதுவரைக்கும் எந்தப் பொம்பளையும் இந்த ஃபைனலுக்கு ஊதினதில்ல. இந்த நேரத்துல நான் தப்புப் பண்ணிட்டேன்னு நீயே பேப்பர்ல எழுதிக் குடுக்காதே."

அவர் கெட்டவர் இல்லை. என் மேல் அக்கறையோடு சொன்னார். அதனால்தான் அது சுலபமாக உள்ளே இறங்கியது.

அவர் சொன்ன இரண்டு வழிக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருந்தது. அது எனக்கு அப்போதே தெரியும். பூட்ஸைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாமல், "இரண்டாவது மஞ்சள் அட்டை என்னுடைய தவறான கணிப்பு, பதினொன்றாம் எண் நேரம் கடத்தவில்லை என்று பிறகு உறுதிசெய்துகொண்டேன், தடையை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கலாம். டீமும் பிழைத்திருக்கும், தனமும் ஆடியிருப்பாள். போகிறது என் பெயர் மட்டும்தான். ஒருவேளை இறுதி ஆட்டமும் போயிருக்கும். பேனாவை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டீமைக் காப்பாற்றுகிறேன், டீமைக் காப்பாற்றுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நான்கு வரி எழுதினேன். அதில் ஒரு வரி இது: "பதினொன்றாம் எண் ஆட்டக்காரி வேண்டுமென்றே நேரத்தை வீணடித்ததால் இரண்டாவது மஞ்சள் அட்டை காட்டப்பட்டது." வேண்டுமென்றே என்று எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தெரியும். என் கையெழுத்து எப்போதும்போல நன்றாகவே வந்தது.

இறுதி ஆட்டத்துக்கு என்னைத்தான் போட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். கல்லூரிக்காரர்கள் இரண்டு பேர் நாற்காலி போட்டு, மடியில் நோட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தனம் தண்ணீர் பாட்டில்களோடு கோட்டுக்கு வெளியே நின்றாள். பூட்ஸை யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டியிராததால் விஜி தொண்ணூறு நிமிடமும் ஆடினாள். இடது விங்கில் அப்படி ஓர் ஆட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குப்பத்து டீம் தோற்றது, ஆனாலும் கல்லூரியில் விஜிக்கு இடம் கிடைத்தது. செய்தி தெரிந்ததும் முதலில் ஓடிப்போய் விஜியைத் தூக்கிச் சுற்றியவள் தனம்தான். நான் கோப்பைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு தனம் லீக்கில் ஆடவில்லை. மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், கல்யாணம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். எப்போதாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். சீசன் இருக்கிறது, பரீட்சை இருக்கிறது என்று தள்ளிப்போட ஏதாவது ஒன்று எனக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது.

போன வருடம் முழங்கால் போதும் என்று சொல்லிவிட்டது, நானும் நிறுத்திக்கொண்டேன். பிரிவு உபசாரத்தில் சால்வை போர்த்தினார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "மேடத்தோட ரிப்போர்ட்டை இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நாங்க கேள்வி கேட்டதில்ல, அதுல ஒரு தப்பு இருக்காது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். என்னால் அந்த இடத்தில் உட்கார முடியவில்லை. கேசரியைத் தொடாமல் கிளம்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விஜியிடம் முகவரி வாங்கிக்கொண்டு எர்ணாவூர் குடியிருப்புக்குப் போனேன். மூன்றாவது மாடி. தனம் கதவைத் திறந்தவுடனே கண்டுபிடித்துவிட்டாள். "மிஸ்ஸா? வாங்க மிஸ், இன்னா இம்மாந் தூரம்?" என்று நாற்காலியில் இருந்த துணியை அள்ளிப் போட்டு உட்காரவைத்தாள். புருஷன் வேலைக்குப் போயிருந்தார். ஐந்து வயதுப் பெண் குழந்தை தரையில் படம் போட்டுக்கொண்டிருந்தது. டீ போட்டுக் கொடுத்துவிட்டு, விஜி இப்போது ரயில்வே டீமில் இருப்பதைப் பெருமையாகச் சொன்னாள். நான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கடைசியில் அப்படியே போட்டு உடைத்தேன். அந்த அட்டை தப்பு என்றேன்.

"அட வுடுங்க மிஸ், அது ஆயிப்போச்சி பத்து பன்னெண்டு வருஷம்" என்று சிரித்தாள். "நாங்க பூட்ஸ மறச்சிகினு இருந்தா உங்களுக்கு இன்னா தெரியும்? எங்க அம்மா உங்கள அப்டி திட்டும். நான்தான் சொல்வேன், மிஸ்ஸ இன்னாத்துக்கு திட்றே, நம்ப மேலதான் தப்பு, நான் அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லியிருந்தா மிஸ் எய்திக் குட்த்துருப்பாங்கன்னு."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். டீயைக் குடித்துவிட்டு, குழந்தைக்கு வாங்கிவந்த பிஸ்கெட்டைக் கொடுத்துவிட்டு, நல்ல பெயரோடு இறங்கி வந்திருக்கலாம்.

"எனக்குத் தெரியும் தனம்" என்றேன். "அறிக்கை எழுதறதுக்கு முன்னாடியே தெரியும். லைன்ஸ்மேன் சொன்னார், கோச்சும் சொன்னார். தெரிஞ்சுதான் அப்படி எழுதினேன். எனக்கு ஃபைனல் வேணும்னு எழுதினேன்."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு ஒரேயடியாகப் போய்விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. குழந்தை ஏதோ கேட்டது, அவள் அதைக் கவனிக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேனா என்று எனக்கு இப்போது நினைவில்லை. கேட்டிருப்பேன்.

"அப்போ நான் சொல்லியிருந்தாலும் நீங்க எய்தியிருக்க மாட்டீங்க" என்றாள்.

"மாட்டேன்."

அவள் குழந்தையின் தலையைத் தடவினாள். அழவில்லை, என்னைத் திட்டவுமில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்போ என் மேல தப்பு இல்ல" என்றாள்.

அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே இன்னொரு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள், நான் இறங்கி வந்தேன்.